பாளை லேப் சாமான் கடை: லித்தியம் ஐசோடோப் ப்ராஜெக்டுக்கு இங்கதான் வாங்குனோம்

5க்கு 4 ஸ்டார். அந்த ஒரு ஸ்டார் எதுக்குக் குறைஞ்சதுன்னு கீழ சொல்லுதேன். இந்தக் கடைக்கு வந்திருக்க ரிவ்யூ எல்லாம் பாத்தேன், பீக்கர் விலை குறைவு, ப்ளஸ் டூ சால்ட் அனாலிசிஸ் செட் முழுசா கிடைக்கும், பியூரெட் உடைஞ்சிருந்தா மாத்தித் தாராவன்னு இந்த மட்டுலதான் இருக்கு, அது எல்லாம் உண்மைதான், ஆனா இவங்க அதுக்கும் மேல ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சு குடுக்காவ, அது தெரியாம நம்ம சுத்துவட்டார காலேஜ் ஆளுங்க மதுரைக்கும் சென்னைக்கும் போன் போட்டுக்கிட்டு இருக்காங்க. அதான் விலாவாரியா எழுதுதேன்.

நான் பாளையங்கோட்டையில ஒரு காலேஜ்ல கெமிஸ்ட்ரி எடுக்கேன். எங்க எம்எஸ்சி பிள்ளைங்க ப்ராஜெக்ட் லித்தியம் ஐசோடோப்ப மின்வேதியியல் முறையில பிரிக்கிறது சம்பந்தமா. பிரிக்கிறதுன்ன உடனே பெருசா நினைக்காண்டாம், ஒரு எலெக்ட்ரோடு கரைசல்ல இருந்து லித்தியத்த உள்ள இழுக்கும்போது லித்தியம்-6ம் லித்தியம்-7ம் கரைசல்ல இருக்க அதே விகிதத்துல போகுதா, இல்ல ஒண்ணு துளி கூடப் போகுதான்னு அளந்து பாக்குறது, அவ்வளவுதான். இயற்கையில கிடைக்கிற லித்தியத்துல 100க்கு 92க்கு மேல லித்தியம்-7, மிச்சம் ஏழரை சொச்சம்தான் லித்தியம்-6. ரெண்டுக்கும் கெமிஸ்ட்ரி ஒண்ணுதான், மூணு புரோட்டான், மூணு எலெக்ட்ரான், வித்தியாசம் ஒரே ஒரு நியூட்ரான். ஆனா அணு உலைக்குள்ள போனா ரெண்டும் வேற வேற ஆளு. லித்தியம்-6 நியூட்ரான கண்டா விடாது, பிடிச்சு ட்ரிடியமும் (கதிரியக்கம் உள்ள ஹைட்ரஜன்) ஹீலியமுமா உடையும், அந்த ட்ரிடியம்தான் நாளைக்கு ஃப்யூஷன் உலைக்கு, அதாவது அணுக்கருவ இணைச்சு சக்தி எடுக்குற உலைக்கு, எரிபொருள். லித்தியம்-7 நியூட்ரான ஏறெடுத்தும் பாக்காது, அதனாலதான் வெளிநாட்டு பிரஷரைஸ்டு வாட்டர் உலைகள்ல தண்ணியோட பிஹெச்ச சரிக்கட்ட 99.9 சதவீதத்துக்கு மேல சுத்தமான லித்தியம்-7 ஹைட்ராக்சைடு போடுதாங்க, உள்ள லித்தியம்-6 கலந்திருந்தா ட்ரிடியம் கூடிப்போகும்.

ராதாபுரம் பக்கத்துல இருந்து வர்ற ஒரு பையன் வகுப்புல கேட்டான், அப்ப நம்ம கூடங்குளத்துலயும் லித்தியம் போடுவாங்களா மேடம்னு. நல்ல கேள்வி. கூடங்குளம் ரஷ்ய விவிஇஆர் வகை, அதுவும் பிரஷரைஸ்டு வாட்டர் உலைதான், ஆனா அங்க பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் அம்மோனியாவும்தான் போடுறது, லித்தியம் வாங்கிப் போடுறதில்ல. ஆனா தண்ணியில போரிக் அமிலம் இருக்கு, அதுல உள்ள போரான்-10 நியூட்ரான பிடிச்சு லித்தியம்-7ஆ மாறும், ஆக போடாமலே கொஞ்சம் லித்தியம் அங்க தானா உண்டாகும். ஐசோடோப் பிரிக்கிறதும் நம்ம சீமைக்குப் புதுசில்ல, தூத்துக்குடி கனநீர் ஆலையில அம்மோனியா-ஹைட்ரஜன் பரிமாற்ற முறையில ட்யூட்டீரியத்த, அதாவது கன ஹைட்ரஜன, பிரிச்சு எடுத்தாங்க, 1978லயே தொடங்குனது. ஒரு மணி நேரம் பஸ் ஏறுனா போயிடலாம், ஆனா எத்தன காலேஜ் பாடத்துல இது வருது சொல்லுங்க.

சரி, கடைக்கு வாரேன். அதுக்கு முன்னாடி லேபிள் விஷயம் ஒண்ண விளக்கணும், இல்லாட்டி நான் எதுக்கு இவ்வளவு மெச்சுதேன்னு புரியாது.

லித்தியம் குளோரைடு பாட்டில எடுத்துப் பாருங்க, ஃபார்முலா வெயிட் 42.39னு போட்டிருக்கும், எந்தக் கம்பெனி பாட்டிலா இருந்தாலும் அதேதான். அது லித்தியத்தோட அணு எடை 6.94னு வச்சுப் போட்ட கணக்கு. ஆனா ஐயூபேக்னு உலக வேதியியல் சங்கம் போடுற அட்டவணையில பாத்தா லித்தியத்துக்கு ஒத்த நம்பர் கிடையாது, 6.938லருந்து 6.997 வரைன்னு ஒரு வரம்பு குடுத்திருப்பாங்க. எதுக்குன்னா, 1950கள்லயும் 60கள்லயும் அமெரிக்காவுல அணுகுண்டு வேலைக்காக லித்தியம்-6 மட்டும் மலை மலையா பிரிச்சு எடுத்தாங்க, எடுத்தது போக மிஞ்சுன லித்தியம் சும்மா கிடக்குமா, மார்க்கெட்டுக்கு வந்துட்டு. லேப் கெமிக்கலா, தொழிற்சாலைச் சரக்கா, எங்க எங்கயோ கலந்துட்டு. அதனால கடையில வாங்குற லித்தியம் உப்புல லித்தியம்-6 ஏழரை சதவீதமும் இருக்கலாம், 2 சதவீதம் வரைக்கும் இறங்கியும் இருக்கலாம். பாட்டில் மேல ஒண்ணும் எழுதியிருக்காது. சாதாரண வேலைக்கு இதனால ஒரு நஷ்டமும் இல்ல. 42.39க்குப் பதிலா 42.45னு வச்சாலும் வித்தியாசம் 0.14 சதவீதம், நம்ம சில்வர் நைட்ரேட் டைட்ரேஷன்ல அது கண்ணுக்கே படாது. ஆனா நாங்க பாக்குறது ஆயிரத்துல சில பங்கு வித்தியாசம். ஒரு பாட்டில் தீந்து அடுத்த பாட்டில் திறக்கும்போது அது வேற லாட்டா, அதாவது வேற தடவை தயாரிச்ச சரக்கா, இருந்தா, எலெக்ட்ரோடு பிரிச்சதா பாட்டிலே அப்படித்தானான்னு யாராலயும் சொல்ல முடியாது. மொத்த ப்ராஜெக்டும் போச்சு.

ஆக எங்களுக்கு வேண்டியது அதிக சுத்தமான பாட்டிலோ பெரிய பேர் போட்ட பாட்டிலோ இல்ல. எல்லாம் ஒரே லாட்டா இருக்கணும், அந்த லாட்டுக்கு உண்டான அனாலிசிஸ் சர்டிபிகேட் வேணும், சீல் உடையாம வரணும். இத ஆன்லைன்ல ஆர்டர் போட்டா கேக்க ஆளே கிடையாது, கமெண்ட் பெட்டியில எழுதுனாலும் கோடவுன்ல கைக்கு வந்தத எடுத்து அனுப்பிருவாங்க.

இங்க கடை அண்ணாச்சிகிட்ட இதச் சொன்னேன். வேற யாருன்னாலும் "எல்லாம் ஒரே சரக்குதான் மேடம்"னு தள்ளிவிட்டிருப்பாங்க. இவங்க கவனமா கேட்டுட்டு, "டீச்சர், லாட்டுன்னா பாட்டில் அடியில அடிச்சிருக்கே அந்த நம்பர்தான? அது அத்தனையும் ஒண்ணா இருக்கணும், அப்படித்தான?"ன்னு கேட்டு நோட்டுல குறிச்சுக்கிட்டாவ. சரக்கு வந்தப்ப ஒரு பாட்டில் வேற லாட்டு. நான் கடைக்குப் போறதுக்கு முன்னாடியே அவங்களே பாத்துட்டு அத எடுத்துத் தனியா வச்சு டிஸ்ட்ரிபியூட்டருக்குத் திருப்பிவிட்டுட்டாவ, எனக்கு போன் போட்டு "ஒண்ணு மாறி வந்திருக்கு டீச்சர், ஒரு வாரம் பொறுங்க, அவசரப்பட்டு எடுத்துட்டுப் போயிராதீங்க"ன்னாவ. சர்டிபிகேட்டும் கேட்டு வாங்கி பிரிண்ட் எடுத்து வச்சிருந்தாவ. ஒரு ஊர்க் கடையில இப்படி ஒரு பொறுப்ப நான் எதிர்பாக்கல, உண்மையிலேயே மனசு நிறைஞ்சு போச்சு.

இன்னொரு விஷயம் பாதரசம். லித்தியம் ஐசோடோப் பிரிப்போட சரித்திரமே பாதரசத்தோடதான் கிடக்கு. 1936ல ஜி.என். லூயிஸும் மெக்டொனால்டும் லித்தியம் அமால்கத்த (பாதரசத்துல கரைஞ்ச லித்தியம்) சொட்டு சொட்டா மேல இருந்து இறக்கி, கீழ இருந்து லித்தியம் குளோரைடு ஆல்கஹால் கரைசல எதிர்ல ஓடவிட்டுப் பிரிச்சுக் காட்டுனாங்க. லித்தியம்-6க்கு அமால்கத்துல போய் உக்கார்றதுதான் கொஞ்சம் பிடிக்கும், லித்தியம்-7 கரைசலோட நிக்கும். அதையேதான் அப்புறம் அமெரிக்காவுல ஓக் ரிட்ஜ் ஒய்-12 ஆலையில பெருசாக்குனாங்க, முதல்ல எலெக்ஸ்னு ஒரு முறை, பிறகு கோலெக்ஸ். சுமார் 1.1 கோடி கிலோ பாதரசம் அங்க புழங்குச்சு, அதுல லட்சக்கணக்கான கிலோ மண்ணுலயும் ஓடையிலயும் போய்ச் சேந்துட்டு, 1963ல நிப்பாட்டியும் இன்னைக்கு வரைக்கும் சுத்தம் பண்ணிக்கிட்டுதான் இருக்காங்க. நம்ம தமிழ்நாட்டுலயே கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஃபேக்டரி பாதரசக் கழிவுனால 2001ல மூடுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதனால பிள்ளைங்க கையில பாதரசத்த குடுக்கவே கூடாதுன்னு முடிவா இருந்தேன். இந்தக் கடையிலயும் கேட்ட உடனே பாதரசம் எடுத்து நீட்டுறதில்ல, காலேஜ் லெட்டர்ஹெட்ல எழுதி ஹெச்ஓடி கையெழுத்தோட வந்தாத்தான். ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோடு (பொட்டென்ஷியல ஒப்பிட்டு அளக்குறதுக்கு) கேட்டப்பவும் முதல்ல கலோமல் காட்டுனாவ, அதுலயும் பாதரசம்தான, வேண்டாம் அண்ணாச்சின்னேன், உடனே சில்வர்-சில்வர் குளோரைடு எடுத்துக் குடுத்தாவ. ஒரு பேச்சு மறுபேச்சு இல்ல.

பாதரசம் இல்லாம செய்ய முடியும்னு தெம்பு வந்ததே சமீபத்து ஆராய்ச்சியாலதான். 2025ல சர்பஜித் பானர்ஜி குழு, ஸ்விட்சர்லாந்துலயும் டெக்சாஸ்லயுமா இருக்காங்க, எண்ணெய்க் கிணத்துல இருந்து வர்ற அழுக்குத் தண்ணிய சுத்தம் பண்ற மெம்பரேன் வேலையில இருக்கும்போது அது லித்தியத்த நல்லா பிடிக்குதுன்னு கவனிச்சு, சரி எந்த லித்தியத்தப் பிடிக்குதுன்னு தோண்டிப் பாத்திருக்காங்க. அவங்க எடுத்தது ஜீட்டா வகை வனேடியம் பென்டாக்சைடு, அதுக்குள்ள நீள நீளமா சுரங்கம் ஓடும், வோல்டேஜ் குடுத்தா லித்தியம் அயனி உள்ள போகும், அதுல லித்தியம்-6 சுரங்கச் சுவர்ல இருக்க ஆக்சிஜனோட இறுக்கமா நின்னுக்கிடுது. ஒரு சுத்துல லித்தியம்-6 செறிவு அப்ப இருக்கிற அளவுல 5.7 சதவீதம் கூடுது, ஃப்யூஷனுக்கு வேண்டிய 30 சதவீதத்தத் தொட 25 சுத்துன்னு சொல்லுதாங்க. சொளகுல புடைக்கிற கதைதான், ஒரு புடையில பதர் போயிராது, திரும்பத் திரும்பப் புடைக்கணும். லித்தியம் ஏற ஏற மஞ்சளா இருந்தது ஆலிவ் பச்சையா மாறுமாம், கண்ணால பாத்தே எவ்வளவு ஏறிருக்குன்னு தெரியும். பிள்ளைங்களுக்கு இதப் படிச்ச அன்னைக்கு தூக்கம் இல்ல.

கடையில கிடைக்கிற வனேடியம் பென்டாக்சைடு சாதாரண ஆல்ஃபா வகை, அடுக்கடுக்கா இருக்குமே தவிர சுரங்கம் கிடையாது, சல்ஃப்யூரிக் அமிலம் தயாரிக்கிற காண்டாக்ட் பிராசஸ்ல வினையூக்கின்னு ப்ளஸ் டூவுல படிச்சோமே அதேதான். ஜீட்டா வகை எந்தக் கடையிலயும் ரெடியா கிடைக்காது, அது இருக்கான்னு கேட்டு அண்ணாச்சிய சிரமப்படுத்தாதீங்க. நாங்க லித்தியம் அயர்ன் பாஸ்ஃபேட் எலெக்ட்ரோடுதான் எடுத்துக்கிட்டோம், தண்ணிக் கரைசல்லயே வேலை செய்யும், காத்துப் படாம வேலை செய்யிற க்ளவ் பாக்ஸ் வேண்டாம். ஆல்ஃபா வகை ஒரு சின்ன பாட்டில் ஒப்பிட்டுப் பாக்க வாங்குனோம், அது மூச்சுல போனா நல்லதில்ல, மாஸ்க் போட்டுத்தான் திறக்கணும்னு அவங்களே சேஃப்டி ஷீட் வச்சுக் குடுத்தாவ.

அளவப் பத்தி ஒரு வார்த்தை, ஏன்னா இத வாசிச்சிட்டு யாரும் தப்பா நினைக்கக் கூடாது. ஒரு கிராம் லித்தியம் எலெக்ட்ரோடுக்குள்ள போகணும்னா 3.86 ஆம்பியர்-மணி சார்ஜ் வேணும், ஃபாரடே விதியில போட்டா யாருக்கும் வர்ற கணக்குதான். நாங்க விடுற கரண்ட் 10 மில்லிஆம்பியர், அந்தக் கணக்குல ஒரு கிராமுக்கு 386 மணி நேரம், ராப்பகலா 16 நாள் ஓடணும். எங்க வேலை எல்லாம் மில்லிகிராம்ல. செறிவூட்டுன லித்தியம்-6 உலகம் பூரா கட்டுப்பாட்டுப் பட்டியல்ல இருக்க பொருள், இருக்கவும் வேணும். நாங்க செய்யிறது அளந்து படிக்கிறது மட்டும்தான்.

கண்ணாடி வேலைக்கு வருவோம், இதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. ரெண்டு அறை உள்ள ஹெச் செல் ஒண்ணு வேணும்னு சொன்னேன், நடுவுல சின்டர்டு டிஸ்க் (பொடித் துளை உள்ள கண்ணாடித் தட்டு) வச்சு. கடைக்குச் சேந்த மாதிரி ஒரு கண்ணாடி ஊதுற அண்ணன் இருக்காவ, அவங்க வீட்டுலயே பட்டறை. நான் பேப்பர்ல வரைஞ்சு குடுத்ததுல பிளாட்டினம் கம்பிய கண்ணாடிச் சுவர்லயே பதிச்சுத் தரணும்னு இருந்துச்சு. பாத்த உடனே, "இது போரோசிலிகேட் மேடம், பிளாட்டினம் இதுல பதிச்சா ஆறும்போது விரிசல் விட்டுரும், சோடா கிளாஸ்னாத்தான் பிளாட்டினம் நிக்கும், இதுக்கு டங்ஸ்டன் வேணும்"னாவ. சரியான பேச்சு. சூடாகி ஆறும்போது பிளாட்டினமும் சோடா கண்ணாடியும் ஏறக்குறைய ஒரே அளவு சுருங்கும், போரோசிலிகேட் அதுல மூணுல ஒரு பங்குதான் சுருங்கும், ஒட்டு எப்படித் தாங்கும். புஸ்தகத்துல விரிவுக் குணகம்னு படிச்சிட்டு மறந்துபோற விஷயத்த அந்த அண்ணன் கைப்பழக்கத்துலயே வச்சிருக்காவ. கடைசியில கம்பிய சுவர்ல பதிக்காம மேல டெஃப்லான் மூடி வழியா இறக்குற மாதிரி மாத்திக் குடுத்தாவ, கழட்டி சுத்தம் பண்ணவும் சௌகரியம். முதல்ல வந்த செல்லுல ஒரு ஜாயின்ட் லேசா கசிஞ்சிது, திருப்பிக் குடுத்தோம், கிரைண்ட் பண்ணி சரியாக்கிட்டாவ, தனியா காசு கேக்கல. இப்படிக் கை உள்ள ஆளுங்க நம்ம பக்கம் ஒண்ணு ரெண்டு பேருதான் மிச்சம். காலேஜ்காரங்க வேலை குடுத்தாத்தான் அடுத்த தலைமுறைக்கு இந்தத் தொழில் போகும். தயவுசெஞ்சு ஊருக்குள்ளயே குடுங்க.

சேம்பிள் பாட்டிலுக்கு மட்டும் கண்ணாடி வாங்காதீங்க, கண்ணாடியில இருந்தே துளி லித்தியம் கசிஞ்சு அளவக் கெடுக்கும், பாலிப்ரோப்பிலீன் பாட்டில ஆசிட்ல ஊறவச்சுக் கழுவி எடுத்துக்கணும். அதுவும் இங்க இருக்கு. தண்ணியும் இவங்க டீயனைஸ்டு கேனே எடுங்க, தாமிரபரணித் தண்ணி குடிக்க அமிர்தம், ஆனா செல்லுக்கு ஆகாது.

இப்ப அந்த ஒரு ஸ்டார். ரெஃபரன்ஸ் எலெக்ட்ரோட இவங்க காஞ்ச வாக்குல பெட்டியிலயே வச்சிருக்காவ. நுனியில இருக்க ஃப்ரிட், அந்தப் பொடித் துளை அடைப்பு, காஞ்சு உப்புப் பூத்துப் போயிருந்துச்சு, வாங்கிட்டு வந்து மாட்டுனா பொட்டென்ஷியல் ஒரு இடத்துல நிக்காம அலையுது. பொட்டாசியம் குளோரைடு கரைசல்ல நாள் கணக்குல ஊறவச்ச பிறகுதான் வழிக்கு வந்துச்சு. நுனியில கரைசல் ஊத்துன குப்பிய மாட்டி வச்சிருந்தா இந்தப் பிரச்சனையே வராது, சின்ன வேலைதான். அதே மாதிரி லித்தியம் குளோரைடுல சில்லறைக்குப் பிரிச்சுக் குடுக்குற பாட்டில் ஒண்ணு ஷெல்ஃப்ல இருக்கு, அத வாங்காதீங்க. அது காத்துல ஈரப்பதம் 11 சதவீதம் இருந்தாலே உறிஞ்சு கரைய ஆரம்பிக்கிற உப்பு. நம்ம ஊர் சித்திரை வெயில்ல கூட காத்து அவ்வளவு காஞ்சு கிடக்காது, ஐப்பசி மழையில கேக்கவே வேண்டாம். திறந்த பாட்டில்ல நீங்க எடை போடுறதுல பாதி தண்ணி. இத ரெண்டையும் அண்ணாச்சிகிட்ட நேர்லயே சொன்னேன், முகம் கோணாம கேட்டுக்கிட்டாவ, ஈரம் படாம வைக்கிற டெசிகேட்டர் ஒண்ணு கடைக்கே எடுத்து வைக்கேன்னு சொல்லியிருக்காவ.

விலை ஆன்லைன்ல பாத்ததவிட கொஞ்சம் கூடத்தான். ஜிஎஸ்டி பில் சுத்தமா இருக்கும், காலேஜ் ஆடிட்ல ஒரு கேள்வி வராது. கொட்டேஷன் கேட்டா மறுநாளே வரும்.

கடைசி வேலை இந்தக் கடையோடது இல்ல, ஆனா சேத்துச் சொன்னாத்தான் முழுசா இருக்கும். விகிதத்த அளக்க மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் வேணும், அது நம்ம கையில இல்ல, வெளியூர் லேபுக்குத்தான் அனுப்புனோம். வெளி லேப்ல ரொம்ப நாள் காக்க வச்சாங்க, ரிசல்ட்ட எல்-ஸ்வெக்னு ஒரு லித்தியம் கார்பனேட் ஸ்டாண்டர்டோட ஒப்பிட்டு ஆயிரத்துக்கு எத்தனன்னு குடுப்பாங்க, கடல் தண்ணிக்கு அந்த அளவுல கூட்டல் 31 வரும். நீங்க அனுப்பும்போது செல்லுல இருந்து எடுத்த சேம்பிளோட, தொடாத பாட்டில் உப்பையும் கரைச்சு ஒரு குப்பி கட்டாயம் சேத்து அனுப்புங்க. எங்க பாட்டிலோட விகிதம் முதல்லயே தெரிஞ்சதுனாலதான் பிள்ளைங்களால எலெக்ட்ரோடுக்குள்ள லித்தியம்-6 கூடுதலா போயிருக்குன்னு தைரியமா எழுத முடிஞ்சுது. ரொம்பச் சின்ன வித்தியாசம்தான், ஆனா உண்மையான வித்தியாசம். எல்லாம் ஒரே லாட்டுங்கிறதால அத வேற எதுலயும் சாட்ட முடியாது.

போறவங்களுக்கு, பிப்ரவரியில ப்ளஸ் டூ ப்ராக்டிகல் சமயத்துல போகாதீங்க, ஸ்கூல்காரங்க கூட்டத்துல அண்ணாச்சிக்குப் பேச நேரம் இருக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு மேல போனா நிதானமா கேப்பாவ. திருநெல்வேலி ஜங்ஷன்ல இருந்து பாளை போற எந்த டவுன் பஸ்சும் போகும், வண்டி நிறுத்துறதுதான் பாடு. லாட் நம்பர இப்ப கேட்டாத்தான் பில்லுல பேனாவால எழுதித் தாராவ, அத எல்லாருக்கும் பில்லுலயே அச்சடிச்சுக் குடுத்தா அந்த அஞ்சாவது ஸ்டாரையும் நானே வந்து போட்டுருவேன் அண்ணாச்சி.